லூர்து டீச்சரின் மூன்றாவது வில்

டீச்சரின் எண்ணிலிருந்து காலையில் அழைப்பு வந்ததும், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். முந்தின நாள் அவரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன்; போகவில்லை. பேசியது அவர் மகள் ஜெனி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நம் பள்ளியில் லூர்து டீச்சரிடம் திட்டு வாங்காதவர் யாராவது உண்டா? இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு லென்ஸ் உடைந்தால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. "கையைக் கட்டிக்கிட்டு உள்ள வாங்க சார், எதையும் தொடாதீங்க" என்று தலைமையாசிரியரிடமே சொன்னவர். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திய நான் அவர் குரல் கேட்காத பீரியட் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், மரக்கடையில் கழித்துப் போட்ட ரீப்பர் கட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"சரசு, வில்லு செய்யப் போறேன். வேட்டை வில்லு."

"முயலைத் தொட்டாலே உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, டீச்சர்."

"முயலை யாருடி தொடப் போறா? அம்புட்டு இழுவை இருக்கணும்னு சொல்றேன். வில்லை வளைச்சா அதுல ஆற்றல் சேருதுன்னு முப்பது வருஷமா போர்டுல படம் போட்டிருக்கேன். ஒரு வில்லைக் கையால தொட்டதில்ல. சாகுறதுக்குள்ள ஒரு தடவை வளைச்சுப் பார்த்துரணும்."

கட்டை இரண்டு விரல் அகலம்தான். நடுவில் பிடிப்பதற்குத் தடிப்பாக விட்டு, இரண்டு பக்கமும் நுனிவரை இழைத்து மெலிதாக்கினார். முதல் வில் பாதி வளைவதற்குள் வெளிப்பக்கம் நார் பிரிந்து படாரென்று முறிந்தது. ஒரு சிலாம்பு என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. "அங்க எதுக்குடி நின்ன?" என்று திட்டும் எனக்கே விழுந்தது.

அன்று முழுவதும் முறிந்த துண்டுகளை வைத்துக்கொண்டு யோசித்தார். "கட்டை ஒடுக்கம். பாரம் முழுக்க இந்த ரெண்டு விரல்லதான் விழுது. வில்லோட வெளிமுதுகுலதான் இழுபடுது. அதுக்கு ஒரு சட்டை போட்டுவிடணும்" என்றார்.

சட்டை என்று அவர் சொன்னது ஆட்டுத்தோலை. திண்டுக்கல்லில் தோல் கிடங்குக்கா பஞ்சம்? முடி நீக்கிய பச்சைத்தோல் வாங்கி வந்தோம். "அய்யலூர்ச் சந்தையில நின்ன ஆடா இருக்கும், திடமாத்தான் இருக்கும்" என்று தடவிப் பார்த்துக்கொண்டார். முட்டைகூடத் தொடாத நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தேன். அவர் வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தடவி, ஈரத்தோலைப் புதிதாக இழைத்த இரண்டாவது வில்லின் முதுகில் ஒட்டி, துணிநாடாவால் இறுக்கிச் சுற்றினார். "கறி தின்னாதவ பிடிச்ச தோலு, ஒட்டுமோ என்னமோ" என்று கிண்டல் வேறு.

இரண்டு நாள் கழித்து, வயிற்றுவலிக்குப் பரிசோதனை என்று மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது வில்லை என் வீட்டில் வைத்துவிட்டு, "நிழல்லயே கிடக்கட்டும், ஒரு மாசம் ஆகும்" என்றார்.

எனக்குத்தான் அறிவு அதிகமாயிற்றே! நல்ல சித்திரை வெயில். மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தேன். டீச்சர் வருவதற்குள் காயவைத்து அசத்திவிடலாம் என்று வில்லையும் வடகத்துக்குப் பக்கத்தில் கிடத்தினேன். மறுநாள் சாயங்காலம் வடகம் பிரமாதமாகக் காய்ந்திருந்தது. வில்லில் தோல் சுருங்கி விளிம்பெல்லாம் உரிந்து, கட்டையே முறுக்கிக்கொண்டுவிட்டது.

மதுரையிலிருந்து வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குனிந்த தலை நிமிராமல் நின்றேன். "சரி விடு. இன்னொண்ணு செய்வோம். கையை நீட்டு" என்று நூலால் என் கையை அளந்தார். "எனக்குத் தோளு வலிக்குது. இது உனக்குத்தான்." பரிசோதனை என்னாயிற்று என்று கேட்டேன். "மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார். நான் திட்டிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாவது வில் அவர் வீட்டு உள்ளறையில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெனி அதை என்னிடம் கொடுத்தாள். "மதுரையிலயே டாக்டர் நாள் குறிச்சுட்டாரு, ஆன்ட்டி. சரசு வீட்டுல இருக்கிறது காஞ்சதும் ஒரு தடவை வளைச்சுப் பார்த்துட்டாப் போதும்னு பஸ்ஸுல சொல்லிக்கிட்டே வந்தாங்க. அந்தக் கட்டை சரியில்லாமப் போச்சாமே?"

கட்டையில் ஒரு குறையும் இல்லை. நடந்ததை டீச்சர் தன் மகளிடம்கூடச் சொல்லவில்லை. நான் இப்போதுதான் உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஒரு மாதம் நிழலில் பொறுத்திருந்து, நேற்று அந்த வில்லில் நாணைப் பூட்டி இழுத்தேன். முறியாமல், சத்தமில்லாமல் வளைந்தது. அவர் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்துவிட்டேன் என்பதைத் தாங்க முடியவில்லை.

உங்களுக்கெல்லாம் அவருடைய கோபம் நினைவிருக்கும். எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கோபப்படாத அந்த ஒரு சாயங்காலம். ஊரில் ஒருவரை விடாமல் திட்டினீர்களே, டீச்சர். அன்றைக்கு என்னையும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.