ஆறேகால் மணிக்குத் தட்டும் லிங்க்

திண்டிவனத்தில், விவசாயத் தகவல் தரும் ஒரு பெரிய வெப்சைட்டின் லிங்க்குகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஆயிரக்கணக்கான பக்கங்கள். எந்த லிங்க்கை அமுக்கினாலும் சரியான பக்கம் திறக்க வேண்டும். திறக்காதவை காலையில் என் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். அவற்றைச் சரிசெய்யாமல் எனக்கு டீ இறங்காது.

போன வருடம் எல்லா முகவரிகளையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். மற்ற பக்கங்களிலிருந்து ஒரு லிங்க்கூட வராத பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்று வைத்து அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அப்படி நான் அழித்ததில் ஒன்று, எங்களோடு வேலை பார்த்து இறந்துபோன, நான் அண்ணன் என்று கூப்பிட்ட ஒருவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் சாகுபடி பற்றிப் பேசிய ஆடியோ. அவர் போன பிறகு அவர் இடத்துக்கு வந்த புதியவரின் பேச்சைப் போட்டு, இவருடைய லிங்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்தவனும் நான்தான்.

அதற்கப்புறம் தினமும் காலை ஆறேகாலுக்கு அந்த ஆடியோவின் பழைய முகவரி ரிப்போர்ட்டில் வரத் தொடங்கியது. யாரோ இல்லாத பக்கத்தைக் கேட்கிறார்கள். ஏதோ மெஷின் தானாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் அண்ணன் உட்கார்ந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். பயமாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து, விழுப்புரத்திலிருந்து நான் வந்த பஸ்ஸில், கூட்டேரிப்பட்டில் அண்ணனின் மனைவி ஏறினார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"தம்பி, அவரு பேசறது வர மாட்டேங்குது. அவரே இதுல வெச்சிக் குடுத்தாரு. வாசல் தெளிச்சிட்டு வந்து தினமும் அமுக்கிக்கினுதான் இருக்கேன். ரீசார்ஜ் கூடப் பண்ணிப் பாத்துட்டேன்."

எங்கள் வெப்சைட்டுக்குள் இருக்கும் லிங்க்குகளை மட்டுமே எண்ணிய எங்கள் கணக்கு, அந்த போனில் இருந்த லிங்க்கைப் பார்க்கவே இல்லை. அழித்த பக்கங்களின் பேக்கப்பையும் மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

"பாக்கறேன் அண்ணி" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கோழை நான்.

ஆபீஸில் தேடாத கம்ப்யூட்டர் இல்லை. அவர் குரல் எங்கும் இல்லை.

"அந்த ஒரு எரர் எதுக்குப்பா நின்னுக்கினே இருக்குது? புது ஆளு பேச்சுக்குத் திருப்பி வுட்டுடு" என்கிறார் மேனேஜர். ஒரு நிமிஷ வேலைதான். அண்ணி அமுக்கினால் வேறொரு ஆள் பேசுவார். அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

பஸ்ஸில் பார்த்த நாளிலிருந்து ரிப்போர்ட்டில் அந்த முகவரி இரண்டு தடவை வருகிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் சரிசெய்துவிட்டேனா என்று அண்ணி பார்க்கிறார்.