மைதானத்தை மூடிய சேவல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மோட்டார் சைக்கிள் ரேஸ் மைதானம் எப்படி மூடப்பட்டது என்று ஆம்பளைகள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மாத்தளை டவுனுக்கு மேலே, பட்டுப்போன கொக்கோ மரங்களைப் பிடுங்கிய சமதரையில் அந்த வட்டத்தை வெட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியில் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். அதைப் பார்க்கத் தம்புள்ளையிலிருந்துகூட லொறியில் வந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஓட்டினார். எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆள் எங்கேயாவது விழுந்து கிடப்பான். இரண்டு தடவை இவரே விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மூன்றாம் தடவை கழுத்தில் பட்டையோடு வந்தார்.

"மயிரிழையில தப்பிச்சாரு மதினி. இன்னொருக்கா விழுந்தா கழுத்து போயிரும்," என்றார் தோட்டத்து மருந்துக்காரர். உடனே இவர் பக்கம் திரும்பி, "அடுத்த ரேஸ் எப்ப அண்ணே?" என்றார். அவரும் ரசிகர்.

இவரிடம் சொல்லிப் பயனில்லை. கொழுந்து பறிக்கப் போகிற வழியில் முனியாண்டியிடம் நின்றேன். "சாமி, அந்த வட்டத்த மூடிரு. ஒரு சேவல் தாரேன்."

மூன்றாம் வாரம் அவசரகாலச் சட்டம், கூட்டம் கூடக் கூடாது என்று பொலிஸ் வந்து கயிறு கட்டியது. பிறகு தோட்டத்தை நடத்துகிற துரை அங்கே மிளகு நட்டார். நான் கேட்டது ஒரு வட்டத்தைத்தான். சாமி நாட்டையே மூடிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

நேர்த்தியைத் தள்ளிப்போட முடியாது. சேவலை அறுத்த பூசாரி, "என்ன நேத்தி தாயி?" என்றார்.

"வீட்டுக்காரருக்காகங்க," என்றேன். பொய் இல்லை.

படைத்த கறியைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால், மைதானத்துக்காகத் துக்கம் கொண்டாட மருந்துக்காரரும் ஒரு லொறி டிரைவரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டேன்.

"எவன் செஞ்ச வேல இது? அவன் வெளங்குவானா?" என்றார் டிரைவர், எலும்பைக் கடித்தபடி.

"தொரை வேலதான். மொளகுக்கு நெலம் வேணுமில்ல," என்றார் மருந்துக்காரர். "மதினி, இன்னொரு துண்டு."

"இப்பிடி ஒரு கறிய இவ ஆக்குனதே இல்லடா," என்று இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கே இவரும் முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்தார், மைதானம் திறக்க. குஞ்சாக வாங்கி, வளர்க்க என் கையிலேயே கொடுத்தார். நான் சாமியிடம் போய், "மொதல்ல வந்தது நான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மைதானம் திறக்கவில்லை. அதனால் சேவலை அறுக்க முடியாது. நேர்ந்துவிட்டது என்பதால் விற்கவும் முடியாது. அது தின்று கொழுத்து, எங்கள் வரிசை வீட்டு லயத்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் கொத்தியது. மைதானம் மூடியதில் சுகம் கண்டது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இவர் தட்டிலிருந்த ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. இவர் லயத்தைச் சுற்றித் துரத்தினார். சனம் கைதட்டியது.

"உள்பக்கமா வெட்டுங்க அண்ணே, விடாதீங்க!" என்று மருந்துக்காரர் கத்தினார்.

நான் வாசலில் நின்று எண்ணினேன். மூன்று சுற்று. சேவல் முதலாவது, இவர் இரண்டாவது. அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு நல்ல இடம் வந்ததில்லை. மூச்சு வாங்க நின்று, என் பக்கம் திரும்பிச் சிரித்தார். கழுத்து நன்றாகத் திரும்பியது.