ஒரு கீறல்கூட இல்லாத வண்டி

தெருவில் நிற்கும் எந்த வண்டியையும் டிங்கர் சும்மா கடந்து போகமாட்டார். நடுவிரலை மடக்கிக் கதவில் இரண்டு தட்டு. பிறகு வலது காதைத் தகரத்தின் பக்கம் சாய்த்து ஒரு நொடி நிற்பார். "ஒரிஜினல்" என்பார், அல்லது "பட்டி" என்பார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று முறைத்தாலும் தீர்ப்பு மாறாது.

நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தப் பொறுமையில்லாமல், பள்ளத்தில் மாவு மாதிரி ஒன்றை அப்பித் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து மூடுவதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். டிங்கருக்கு உலகமே இந்த இரண்டு வகைதான். இனிக்க இனிக்கப் பேசும் ஆளைப் பார்த்தால், "முழுக்கப் பட்டி, சுரண்டினா ஓட்டை தெரியும்" என்பார். குளிர்பதனப் பெட்டி வாங்கப் போன கடையில் அதன் கதவைத் தட்டினார். குடிவந்த வீட்டின் இரும்புக் கதவைத் தட்டினார். ஒருமுறை போலீஸ் வண்டியைத் தட்டிவிட்டு, ஏன் தட்டினேன் என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு வந்தார். கல்யாணமான புதிதில் தன் மனைவியைப் பற்றி அக்காவிடம் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "ஒரிஜினல்."

அந்த மனைவி, அடிபட்ட வண்டிகளின் தகரத்தை டிங்கர் தட்டி நிமிர்த்தும் பட்டறையின் மறுபாதியில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறாள். வருகிறவர்கள் அவளைச் சீட்டம்மா என்பார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளுக்கு வாய் வராது. வந்தாலும் குரல் எழும்பாது. டிங்கருக்கோ முப்பது வருடச் சுத்தியல் சத்தத்தில் இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காது பாதி. அவள் பேசுவது அவருக்குக் கேட்காது. அவர் பேசுவது அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். அவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அவர் குனிவார். இப்படியே இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடந்துவிட்டது.

காப்பீட்டுக் கம்பெனிகள் இனி தேறாது என்று கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடும் மைதானம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. உதிரிபாகம் எடுக்க அங்கே போகும்போதெல்லாம் டிங்கர் அவளையும் கூட்டிப் போவார். நல்ல நிலையில் இருக்கும் சீட்டுகளை அவள் பார்த்து வைத்துக்கொள்வாள். அன்றைக்கு மூன்றாவது வரிசையின் கடைசியில் அந்த வண்டி நின்றது. கறுப்பு. ஆள் உயரம். பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் ரகம். ஏலத் தொகையோ ஒரு பழைய வேன் விலை.

டிங்கர் தட்ட ஆரம்பித்தார். முன்கதவு, பின்கதவு, கூரை, பானெட், சக்கரத்துக்கு மேல் வளைவு. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகம் விரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் சேதத்தின் காரணம் என்ற இடத்தில் "மற்றவை" என்று மட்டும் போட்டிருந்தது.

"திருடு போய்த் திரும்பக் கெடச்ச வண்டிடா இது! கம்பெனிக்காரன் கழிச்சுட்டான். ஒரு கீறல் இல்ல பாரு. ஒரிஜினல் தகரம், முழுசும்!"

சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு ஆண்களும் பார்த்தார்கள்.

அவள் மறுபக்கக் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவினாள். யாரும் அவ்வளவு தூரம் உருவமாட்டார்கள். சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி முழத்தில், குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருந்தது. காய்ந்த சேற்றின் கோடு. வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

அவள் சுற்றிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு இரு, போயிடலாம், இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று திரும்பாமலே சொன்னார் டிங்கர்.

அவள் இன்னொரு முறை இழுத்திருக்கலாம். ஆனால் ஏலக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார். ஆண்கள் நெருங்கி நின்றார்கள். அவள் கை இறங்கிவிட்டது.

வாங்கியாயிற்று. அதற்காக அவர்களிடம் இருந்த ஒரே வேனையும் விற்றாயிற்று. "உன் ஃபோம் உருளை எல்லாம் இதுல அள்ளிப் போடலாம்" என்றார் டிங்கர். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். இந்த மாதிரி வண்டிகளை முப்பது வருடமாகப் பட்டறைக்குள்ளிருந்து கேட் வரைக்கும்தான் அவர் ஓட்டியிருக்கிறார். கேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் நிற்பார்.

கழித்த வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. தொண்ணூறு நாளுக்குள் சரிசெய்து தகுதிச் சோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் பதிவு எண் அழிந்துபோகும். அப்புறம் அது வண்டியில்லை, எடைக்குப் போடும் இரும்பு.

இழுவை வண்டி கொண்டுவந்து இறக்கியதும், பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் டிங்கரின் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, உள்ளயே குடித்தனம் வைக்கலாம் போலிருக்கே. வீட்டை வாடகைக்கு விட்டுரு."

பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியன் வந்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "ஃப்யூஸ் போயிருக்கும்ணே" என்பதுதான். அதனால் அவர் பெயரே ஃப்யூஸ் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் ஃப்யூஸ் மூக்கைச் சுளித்தார். ஈரச் சாக்கு வாசனை. கால் வைத்தால் கார்ப்பெட்டிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது.

"அண்ணே, இன்ஜின் ஆயில் சுத்தமா இருக்கு, இன்ஜின் தப்பிச்சுது. ஆனா சீட்டு வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. இந்த வண்டிக்கு மூளையெல்லாம் காலுக்கடியிலதான்ணே வச்சிருக்கான். ஒயரு மட்டும் கிலோமீட்டர் கணக்குல இருக்கும்."

"இந்தத் தடவை ஃப்யூஸ் போகலையா?"

"இல்லண்ணே. இந்தத் தடவை எல்லாமே போயிருச்சு."

சாவியைப் போட்டால் பின்பக்க வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தால் பக்கக் கண்ணாடி மடங்கியது. ஹாரன் தானாக ஒலித்து, பாட்டரியைப் பிடுங்கும் வரை நிற்கவில்லை.

ஃப்யூஸ் தன் கடைக்குத் திரும்பிய பிறகு அவள் டிங்கரின் சட்டையை இழுத்தாள். அவர் குனிந்தார். பெல்ட்டில் இருந்த கோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அன்னிக்கு அதுக்குத்தான் இழுத்தியா?"

"ஆமாங்க. அத்தனை ஆம்பளைங்க நின்னாங்க..."

டிங்கர் தலைகீழாகக் கவிழ்த்திருந்த ஒரு டின்மேல் உட்கார்ந்தார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள்.

"காது இருக்குன்னு தகரத்தைத் தட்டிப் பார்த்தேன் பாரு. தண்ணி தகரத்துல பள்ளம் போடாதுல்ல" என்றார். பிறகு எழுந்துகொண்டே, "இனிமே சட்டையை இழுக்காத. கிழிச்சுடு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்குத்தான் கஷ்டம். அவர் பட்டறைக்குள் வந்த வண்டிகளில் சுத்தியலுக்கு வேலையே இல்லாத முதல் வண்டி இதுதான். ஒரு நசுங்கல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்கயாவது ஒரு குத்தாவது வாங்கியிருக்கக்கூடாதா இது" என்று புலம்பினார்.

அவள்தான் வேலையை ஆரம்பித்தாள். சீட்டுகளை இறக்கினாள். ஊறிப்போன ஃபோமைப் பிய்த்து எறிந்தாள். கார்ப்பெட்டை மதில்மேல் போட்டு வெயிலில் காயவைத்தாள். நாளைக்கு நாலு முறை திருப்பிப் போட்டார் டிங்கர். அக்கா மாடியிலிருந்து, "முழு வண்டியையும் துவைச்சுக் கொடியில போடுங்க" என்றார். ஃப்யூஸ் ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, காகிதத்தில் எண் எழுதிக் கட்டினார்கள். பருத்த விரல்களோடு டிங்கரும் உட்கார்ந்து தேய்த்தார். இரும்பையே வளைக்கும் மனிதர், நகத்தளவு ஒரு பிளாஸ்டிக் கொக்கியை உடைத்துவிட்டு முழித்தார்.

எண்பத்து மூன்றாவது நாள் வண்டி சுத்தமாகக் கிளம்பியது. வைப்பர் சொன்னால்தான் ஆடியது. கண்ணாடி சொன்னால்தான் மடங்கியது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் அணைய மறுத்தது. விபத்தில் ஊதிக்கொண்டு வந்து காப்பாற்றும் ஏர்பேக்கின் விளக்கு. அது எரிந்தால் சோதனையில் தேறாது.

"அதோட மூளைப் பெட்டியை மாத்தணும்ணே" என்றார் ஃப்யூஸ். "புதுசு வாங்கினா வண்டி வாங்கின விலை. பழசு இந்த ஒரு வாரத்துல கெடைக்காது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு செய்யலாம். அந்த விளக்கை மட்டும் உள்ள மறைச்சு விட்டுரலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

டிங்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டேய் ஃப்யூஸு. அதுக்குப் பேரு பட்டிடா."

"அண்ணே, ஏழு நாள்தான் இருக்கு. வேனும் இல்ல."

"இருக்கட்டும். அந்தப் பை ஊதாம அதுல உட்காரப் போறது யாரு? அவதானே?"

ஃப்யூஸ் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவள் தைத்து முடித்த இடது சீட்டை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக் உண்டு. எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறாள். ஏர்பேக்கைச் சேர்ந்தது, பார்த்துக் கழற்று என்று எல்லோரும் எச்சரிக்கும் பிளக். அதைத் திருப்பினாள். உற்றுப் பார்த்தாள். வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னாள். ஃப்யூஸ் பேச்சை நிறுத்தவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

டிங்கருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் உதடு அசைவது தெரிந்தது. கையிலிருந்த சுத்தியலைப் பட்டறைக் கல்மேல் ஓங்கிப் போட்டார். மாடியில் அக்காவின் பாத்திரங்கள் அதிர்ந்தன.

"அவ பேசுறா" என்றார்.

இரண்டு ஆண்களும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடேறியது. இந்த முறை பின்வாங்கவில்லை.

"இந்த மஞ்சள் பிளக்குல ஒரு பின்னு பச்சை பூத்துப் பாதி அரிச்சுப் போச்சு. மத்த சீட்டுல எல்லாம் பளபளன்னு இருக்கு. இது ஒண்ணுதான் இப்படி."

ஃப்யூஸ் வந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "தேய்ச்ச கணக்குல இது விட்டுப் போச்சு. சீட்டோட கழண்டு போயிருச்சு, நான் வண்டித் தரையிலதான் பார்த்தேன். அண்ணி, உங்க கண்ணு கண்ணே இல்ல, பூதக்கண்ணாடி."

பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கழித்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்த நல்ல பின்னைப் பொருத்தினார். பாட்டரியைத் திரும்ப மாட்டி, வண்டியின் நினைவில் பதிந்திருந்த பழைய பிழையைக் கருவியால் அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நொடியோ ஆறு நொடியோ. அணைந்தது. திரும்பவும் திருப்பினார். எரிந்தது, அணைந்தது.

"மூளை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றார் ஃப்யூஸ்.

சோதனை நாளன்று கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி வண்டிக்குள் ஏறி இறங்கினார், கீழே படுத்துப் பார்த்தார், கருவியைச் செருகிப் படித்தார். "தண்ணில நின்னதா?" என்று கேட்டார்.

"சீட்டு வரைக்கும் நின்னுதுங்க" என்று சோதனை மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார் டிங்கர். பின்னால் ஃப்யூஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அதிகாரி ஏதோ சொல்லி ஒரு தாளை நீட்டினார். டிங்கருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கிப் படிக்கவும் தைரியம் வரவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்தாள். அவ்வளவுதான், அந்தப் பெரிய உடம்பு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டு, "அப்பாடா... அப்பாடா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விற்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். வாங்க ஆட்களும் வந்தார்கள். டிங்கர் கதவைத் திறக்கும் முன்பே, "தண்ணில நின்ன வண்டிங்க, எல்லாம் சரி பண்ணியாச்சு, ஆனா நின்னது" என்பார். வந்தவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு யாரும் வரவில்லை. அவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வண்டிதான் அவர்களுடைய வேலை வண்டி. பின்பக்கம் ஃபோம் உருளைகளும் கழற்றிய கதவுகளும் போகின்றன. அக்கா வைத்தியரிடம் போகும்போது முன்சீட்டில் ராணி மாதிரி ஏறிக்கொள்கிறார். வேனில் போகும்போது தகரத்தின் கடகடப்பில் அவள் வாயையே திறந்ததில்லை. இதன் கண்ணாடி கனமானது. ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வருவதில்லை. அவள் சாதாரணமாகப் பேசினாலே அவருக்குக் கேட்கிறது. அதனால் வேலை முடிந்த சாயங்காலங்களில், எங்கும் போகவேண்டியது இல்லாவிட்டாலும், பட்டறை வாசலில் நிற்கும் வண்டிக்குள் இருவரும் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவள் பேசுகிறாள். அவர் கையை நீட்டி, இரையும் குளிர்காற்றின் வேகத்தை இன்னும் ஒரு படி குறைக்கிறார்.