கதவுக்குள் களி

துருப்பிடித்த எங்கள் தக்காளி வண்டியை எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையில் பாஸ் பண்ண வைத்தவன் நான். பொய்ங்க, பெயிலாக்கியவனே நான்தான்.

பட்டறையில் இன்று பச்சைப் பெயின்ட் வாசம் அடித்ததும் எண்பதுகளின் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. எஃப்.சி. இல்லாமல் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்ற முடியாது. அப்பா ஓட்டைகளுக்குத் தகரம் அடித்தார். கதவில் ஒரு ஓட்டை பாக்கி, தகரம் தீர்ந்துவிட்டது. நான் மீந்த ராகிக் களியை அப்பிப் பெயின்ட் பூசினேன்.

"எதுலடா அடைச்ச?"

"புட்டி பேஸ்ட்டுப்பா."

தருமபுரியில் எஃப்.சி. பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் கதவை அழுத்தினார். விரல் உள்ளே போனது. மோந்து பார்த்தார்.

"என்னய்யா, களியா? கொழம்பு எங்க? தகரம் அடிச்சு அடுத்த வாரம் வா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க வெச்சேன், தப்புதாங்க," என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "கொழம்பு எங்கடா?" என்று சிரித்தவர்...

"அண்ணா, இந்தக் கதவக் கொஞ்சம் புடிங்க!"

மெக்கானிக் கூப்பிடுகிறான்.