ஸ்டெல்லா ஒட்டிக்கொடுத்த ஃபிலிம்

திண்டிவனத்தில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், ஸ்டெல்லாவின் ஜன்னல். நான் அடுப்பைப் பற்றவைத்தால் போதும், "இன்னாக்கா கொழம்பு?" என்று குரல் வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியாத, ஆனால் உள்ளிருந்து வெளியே பார்க்க முடிகிற ஃபிலிம் ஒன்றை வாங்கிவந்து, ஜன்னல் கண்ணாடியில் நானே ஒட்ட ஆரம்பித்தேன். பின்தாளை உரித்ததும் அது சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொண்டது.

"தனியா இன்னாக்கா பண்ணிக்கினு இருக்கீங்க? இருங்க, ஜல்தியா வர்றேன்!"

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள் ஸ்டெல்லா. ஷாம்பு தண்ணீர் தெளித்துப் பொறுமையாகப் பிரித்தாள். என்னோடு சேர்ந்து ஒட்டி, ஸ்கேலில் துணி சுற்றிக் குமிழ்களையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"வெயிலுக்காக்கா?"

"ஆமாம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனவள் தன் ஜன்னலில் நின்று கத்தினாள். "சூப்பரா இருக்குதுக்கா! உள்ள ஒண்ணுமே தெரியல!"

நான் நிற்காத பக்கமாகப் பார்த்துச் சிரித்தபடி கையாட்டினாள். கூசிப்போய் நானும் கையைத் தூக்கினேன். அது அவளுக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் குழம்பு கொதிக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கரண்டியைப் பிடித்தபடி, எதிர்வீட்டை மறைந்து நின்று பார்ப்பவள் நான்தான்.