செவலைக் கோழிக்கு ஆறிய கால்

அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்தபோதுதான் அவன் வீட்டுச் செவலைக் கோழி நொண்ட ஆரம்பித்தது.

எங்களுடையது வெள்ளாமை பார்க்கும் சம்சாரிக் குடும்பம். மக்காச்சோளம் காய்ந்து கருகிப்போன வருஷம் அண்ணன் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போனான். மழை பெய்தால் வேலையிலிருந்து நின்றுவிடுவேன் என்றுதான் சொன்னான். மருந்து கலக்கும் அறை வெடித்ததில் அவன் முதுகும் கைகளும் வெந்துவிட்டன. மதினி துணைக்குப் போய்விட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாத்தூரில் வாக்கப்பட்டிருந்த நான் வீட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தேன்.

சாயங்காலமானால் மதினி போன் போட்டு அவன் காதில் வைப்பாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான். கோழிகளைத்தான் விசாரிப்பான்.

“செவலை ஒத்தக் கால்லயே நிக்குதுண்ணே” என்றேன்.

“உள்ளங்காலத் திருப்பிப் பாரு பிள்ள. கருப்பா பொருக்கு இருக்கா?”

தூக்கிப் பார்த்தேன். பாதத்துக்கு நடுவில் கால் ஆணி போலக் கருப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் வீங்கி, தொட்டால் சுட்டது.

“கருவேல முள்ளு ஏறிருக்கும். உள்ள சீழ் கட்டிருச்சு. வெந்நில உப்பப் போட்டு ஊற வையி. பொருக்கு எளகட்டும், சும்மா பிச்சிறாத” என்றான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. மதினி போனை எடுத்துக்கொண்டாள்.

கோழியைத் துண்டில் சுற்றி, தலையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கண் மறைந்தால் அது அடங்கிவிடும். கை பொறுக்கும் சூட்டில் உப்புத் தண்ணீர் எடுத்துக் காலை அதில் முக்கிப் பிடித்தேன். பொருக்கு இளகியதும் கொதிநீரில் போட்டெடுத்த பிளேடால் ஓரத்தை மெதுவாகக் கிளப்பினேன். அழுத்தியதும் வந்தது ஒழுகும் சீழ் இல்லை. அவித்த மஞ்சள் கரு போலக் கெட்டியாக, வேரோடு வந்தது. ரத்தம் கசிந்தது. கோழி சத்தமே போடவில்லை. நகங்களை மட்டும் மடக்கி என் விரலை இறுக்கிப் பிடித்தது.

முந்தின நாள் மதினி சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கட்டுப் பிரிக்கும்போது அண்ணன் துண்டைக் கடித்துக்கொள்வானாம், அடுத்த கட்டிலில் கிடக்கும் பையன் பயந்துவிடக் கூடாதென்று. அதற்கு மேல் என்னால் அமுக்க முடியவில்லை. பிளேடைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, மிச்சத்தையும் எடுத்தேன்.

மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த அயோடின் களிம்பை வைத்து, துணி சுற்றிக் கட்டினேன். எச்சத்தில் கால் படாமல் இருக்க, வைக்கோல் பரப்பி அதைத் தனியாகப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடினேன். தினமும் பிரிப்பேன், கழுவுவேன், கட்டுவேன். வீக்கம் வடிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அதைச் சொல்வேன். “ம்… நல்லது” என்பான். அந்த “ம்” வரவரக் குறைந்துகொண்டே போனது.

“இன்னிக்குக் கால நல்லா ஊணி நடந்துச்சுண்ணே” என்றேன் ஒருநாள்.

“எது?”

“செவலைக் கோழிதான்.”

“எந்தக் கோழி?” என்றான்.

மதினி போனை வாங்கி, “புண்ணுல கிருமி ஏறிருச்சாம், காய்ச்சல்ல என்னமோ பேசுறாக” என்றாள். அதோடு அவன் என்னிடம் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் தகவல் வந்தது.

முகம் தவிர உடம்பெல்லாம் வெள்ளைத் துணியால் சுற்றி அவனைக் கொண்டுவந்தார்கள். கூடப் பிறந்தவளுக்குத் தொட்டு அழக்கூட இடமில்லை.

சொந்தக்காரர்கள் கலைந்துபோன பிறகு ஒருநாள், மதினி பின்வாசலில் வந்து உட்கார்ந்தாள். செவலை குப்பையைச் சீய்த்துக்கொண்டிருந்தது. நொண்டல் சுத்தமாக இல்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

“இதுக்கு மட்டும் ஆறிருச்சு, என்ன?”

நான் கோழியை அந்தப் பக்கம் விரட்டினேன்.

“நெசமாத்தான் கேக்கேன். உப்புத்தண்ணி, துணி, களிம்பு. அம்புட்டுத்தான? அங்கன எம்புட்டு ஊசி, எம்புட்டு மருந்து…” முடிக்காமல் எழுந்து உள்ளே போனாள்.

அதன்பின் கோழிகளுக்கு அவள் தீனி போடவில்லை. “கொண்டு போயிருங்க பாப்பா. என்னால பாக்க முடியல” என்றாள். கூடையில் அடைத்துச் சாத்தூருக்குக் கொண்டுவந்தேன். செவலை இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் சந்தோஷம் வந்ததில்லை. முட்டையை எடுத்து வைப்பேன், சாப்பிடப் பிடிக்காது.

தீபாவளி ஆர்டர் பிடித்ததும் பட்டாசு ஆபீஸ்களில் ஆள் தேடினார்கள். மதினி பேர் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

“வேண்டாம் மதினி. எங்க வீட்டுக்கு வந்துருங்க.”

“வந்து?” என்றாள்.

அந்த வருஷமும் மழை வரவில்லை. மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. தூக்குச்சட்டியோடு ஏறி, ஜன்னலோரம் இருந்த பெண்ணை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். ஊரில் ஒருத்தரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை.