கையைத் தூக்கினால் நிறுத்துவாள்

ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் அங்கே துவைக்கப்பட்டு, சூடான உருளைகளுக்கிடையே புகுந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். ஒரு மடிப்பு கோணினாலும் மேற்பார்வைக்கார அம்மாள் மடித்தவளை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் கொதிகலன் என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கொதிகலனுக்குப் பல் டாக்டர் என்றால் குலை நடுங்கும். சிறு வயதில் ஒரு டாக்டர், ஊசி போட்ட இடம் மரத்துப்போகும் முன்பே அவள் பல்லைப் பிடுங்கினார். கம்பவுண்டர் தோளை அழுத்தினான். அப்பா தாடையைப் பிடித்துக்கொண்டார். கத்தியதற்கு அவரிடமிருந்து ஓர் அறையும் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தப் பல் வலித்தாலும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, அகப்பட்டவர்கள்மேல் எரிந்து விழுவதுதான் அவள் வைத்தியம்.

அவள் தம்பியோ போய்ப் போய் ஒரு பல் டாக்டரையே கட்டிக்கொண்டான். புதுப்பெண் பரிமாற வந்த முதல் நாளே, "ஊரான் வாய்க்குள்ள கை விடுறவ போட்டா யார் சாப்பிடறது?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டாள் அக்கா. புதுப்பெண் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒருத்தி வந்தால் மற்றவள் எழுந்து போய்விடுவாள். தம்பி இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

இந்த முறை வலி மாத்திரைக்கு மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னம் வீங்கி, கண் இடுங்கி, காய்ச்சலும் அடித்தது. கணவர் தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். எல்லாம் மூடிக் கிடந்தன. கடைசியில் மச்சினனை அழைத்தார். போகும் இடத்தைச் சொல்லாமலே மனைவியை ஆட்டோவில் ஏற்றினார். வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவள் இறங்க மறுத்தாள்.

"இவகிட்டயா? பழி வாங்கிடுவா."

கதவைத் திறந்துகொண்டிருந்த தம்பி மனைவி திரும்பாமலே சொன்னாள். "பழி வாங்கணும்னா வீட்லயே தூங்கியிருப்பேன்."

உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியைக் கையால் காட்டினாள். வாய்க்குள் ஒரு மெல்லிய தகட்டை வைத்துப் படம் எடுத்தாள். மறுநொடி பல் பெரிதாகத் திரையில் வந்தது. வேரின் நுனியில் கறுப்பாக ஒரு நிழல். பிடுங்க வேண்டியதில்லை, இன்று திறந்து சீழை வெளியேற்றிவிட்டு, வீக்கம் வற்றியதும் வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்றாள். எரிவாயு ஏஜென்சிக்காரர் பதிவு எண்ணைச் சொல்வதைப்போல ஒட்டுதலே இல்லாமல் இருந்தது அந்தக் குரல்.

ஊசியைக் கண்டதும் அக்கா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். கணவர் ஓடிவந்து தோளைப் பிடித்தார். அவள் அலறிவிட்டாள்.

"விடுங்கண்ணா. யாரும் அவங்களைத் தொடக் கூடாது. வெளியில போய் உக்காருங்க" என்றாள் டாக்டர். அவர் போனதும் நாத்தனாரிடம், "இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன். உங்கமேல பாசத்துல சொல்லல. இதுல யார் உக்காந்தாலும் அப்படித்தான்" என்றாள்.

முதலில் ஈறில் ஏதோ களிம்பைத் தடவிக் காத்திருந்தாள். ஊசி இறங்கியது தெரியவேயில்லை. ஏதோ அழுத்தம், அவ்வளவுதான். பல்லைத் தட்டிப் பார்த்தாள். லேசாகச் சுரீர் என்றதும் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றி மறுபடி காத்திருந்தாள். பல்லைத் துளைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அக்கா கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி தூக்கினாள். நின்றது. அடுத்த முறை வலியே இல்லாமல், வேண்டுமென்றே தூக்கினாள். அப்போதும் நின்றது.

"சும்மாதான் தூக்கினேன்" என்றாள் மரத்த வாயால் குழறிக்கொண்டு.

"தெரியும். சும்மா தூக்கினாலும் நிறுத்துவேன்."

அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கவில்லை. சீழ் வடிந்ததும் மண்டைக்குள் இருந்த இடி அடங்கியது. படுத்தபடியே கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, செத்துப்போன அப்பாமீது முதல்முறையாகக் கோபம் வந்தது. அன்றைக்கு அவர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தால் மரத்திருக்குமே. யார் அவசரப்படுத்தினார்கள்?

வீக்கம் வற்றியபின் மறுபடி வந்தாள், தனியாக. வேர் சிகிச்சை முடிந்து பல்லுக்கு மேல் உறை போடும்வரை ஒரு தடவையும் தவறவில்லை. நாற்காலியைக் கண்டால் பயம் இன்னும் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஏறினாள். பல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசி நாள், இப்படிப் பல்லைச் சீரழித்து வைத்திருப்பவர்களைப் பார்த்ததே இல்லை என்று டாக்டர் வறுத்தெடுத்தாள். காத்திருக்கும் அறையில் மின்விசிறி இப்படியா கரகரக்கும், வருகிறவர்கள் பயந்து ஓடமாட்டார்களா என்று நாத்தனார் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி கேட்டாள். "இந்தப் பக்கத்துல ஒண்ணு கூசுது. எப்ப வரட்டும்?"

"வியாழக்கிழமை. லேட்டா வந்தா பாக்க மாட்டேன்."